திரையோரத்து முக்காலி

வரப்போகிற பருவத்துக்கு மூன்று சிரிப்பு நாடகங்கள், இரண்டு மர்ம நாடகங்கள் என்று நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் நாடக மன்றத்தின் கதவில் தாள் ஒட்டியாயிற்று. லாண்டரிக் கடையில் இஸ்திரி போடுகிறவள் அதை மூன்று தரம் படித்தாள். மன்றத்தில் அவளுக்குக் கிசுகிசு அக்கா என்று பெயர். பதினான்கு வருஷமாகத் திரையோரம் முக்காலியில் உட்கார்ந்து, வசனம் மறந்தவர்களுக்கு மெல்ல அடியெடுத்துக் கொடுப்பவள். எல்லாரும் கைதட்டும்போது அவள் மடியில் புத்தகம் இருக்கும்.

இந்தத் தடவை அவளுக்கு ஆசை அடங்கவில்லை. இரண்டாவது மர்ம நாடகத்தில் ஒரு விதவை வருகிறாள். விஷம் வைத்தவளே அவள்தான். அந்த வேஷம் வேண்டும். ஒரே ஒரு தடவை வெளிச்சத்தில் நின்று, கடைசி வரிசைக்குக் கேட்கும்படி வாய்விட்டுப் பேச வேண்டும். இஸ்திரி போட்டுக்கொண்டே வசனத்தை உருப்போட்டதில் இரண்டு காலர்கள் தீய்ந்துபோயின. முதலாளி கத்தியதுகூடக் காதில் ஏறவில்லை.

ஞாயிறு காலை நடிகர் தேர்வு. கையில் வசனத் தாள் வைத்திருக்கக் கூடாது என்பது மன்றத்தை நடத்தும் கணக்கு வாத்தியாரின் பிடிவாதம். துப்பறிபவர் வேஷத்துக்குத் தபால்காரர் வந்திருந்தார். நாலு வருஷமாக வாசல் காவலாளி வேஷத்திலேயே நின்று அலுத்த மனுஷர்.

அவள் முதல் வசனம் பேசியதுமே வாத்தியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அடேயப்பா! இந்தக் குரலை இத்தனை நாளா எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"அந்தக் கோப்பையைக் கழுவியது..." என்று தபால்காரர் அழுத்தமாக நிறுத்தினார்.

"நீங்கள்தானே," என்று அவருடைய மிச்ச வசனத்தை அவள் கிசுகிசுத்தாள்.

கூடம் கொல்லென்று சிரித்தது.

"அக்கா, அது நான் வேணும்னே நிறுத்தினது!"

"தெரியும் தம்பி. பாழாப்போன வாய் சும்மா இருக்க மாட்டேங்குது."

மறுபடி ஆரம்பித்தார்கள். மறுபடியும் அதே இடம், அதே கிசுகிசு.

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கடைசித் தடவை. அவர் திணறினா விதவைக்கு உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருக்கணும். புரியுதா?"

மூன்றாவது தடவை உதட்டைக் கடித்துக்கொண்டு அந்த இடத்தைத் தாண்டிவிட்டாள். வேஷம் கைக்கு வந்த மாதிரிதான். அதற்கு நாலு வரி தள்ளித் தபால்காரர் நின்றார். இது நடிப்பு இல்லை. அவர் காது சிவந்துவிட்டது. பதினான்கு வருஷத்தில் அவள் பார்க்காத காதா?

பேசாமல் இருந்தால் போதும். அவள் பேசாமல்தான் இருந்தாள். பாவி மனுஷர் அவளைப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். பழக்கதோஷத்தில் அவர் கண் திரையோரத்து முக்காலிக்குப் போனது. அங்கே யாரும் இல்லை. அவர் முகம் விழுந்துபோனதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை.

"ஜன்னல் உள்பக்கம் பூட்டியிருந்தது," என்றாள், உதடு அசையாமல்.

அவர் கப்பென்று பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் பேசியதைக் கேட்டுக் கூடமே அசந்துபோனது.

வாத்தியார் வெகுநேரம் பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தார். "துப்பறியறவர், தம்பிதான்." பிறகு அவள் பக்கம் திரும்பினார். "அக்கா... இந்த வருஷமும் புத்தகத்தை நீங்களே பிடிச்சுக்கிறீங்களா? உங்களை விட்டா எங்களுக்கு யாரு?"

முடியாது என்று சொல்ல வேண்டும். ஒரே வார்த்தை. அவளும் திரும்பி அந்த முக்காலியைத்தான் பார்த்தாள்.

"சரி," என்றாள். கடைசி வரிசைக்குக் கேட்டிருக்காது.