பூ ஆயாத பல்கனி

ஐரோப்பாவில் எங்குமே இல்லாத ரீங்காரச் சிட்டுகள் ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் ஒரு மூன்றாம் மாடிப் பல்கனிக்கு மே மாதத்துச் செவ்வாய்க்கிழமையொன்றில் வந்து சேர்ந்தன. அந்த வாரம் சந்தையில் தக்காளி விலை கொஞ்சம் இறங்கியிருந்தது. பல்கனி வசுந்தராவுடையது. பூக்கடையில் ஒரு செடியின் அட்டையில், பூவுக்குள் அலகை விட்டபடி நின்ற பறவையின் படத்தைப் பார்த்து, யாழ்ப்பாணத்துத் தேன்சிட்டென்றே நினைத்துவிட்டாள். இது கோலிப்ரி, ரீங்காரச் சிட்டு, அமெரிக்கக் கண்டங்களை விட்டு வராது, படம் சும்மா அழகுக்கு என்று கடைக்காரர் சொல்லிப் பார்த்தார். வசுந்தரா பிடித்த பிடியை விடுகிறவள் அல்ல. வாசனையைப் பற்றிச் சிட்டுக்கு என்ன கவலை என்று மணக்கும் செடிகளை ஒதுக்கினாள். கணவரின் மல்லிகைச் சாடியைக்கூட அயல்வீட்டுக்குக் கொடுத்தாள். சிவப்பாய், குழல்போல நீண்டு பூப்பவையாகப் பார்த்துத் தொங்குசாடியில் ஃபுக்சியாவும், தரையில் சல்வியாவும் செம்பரத்தையும் வைத்தாள். சிட்டுகள் வந்தன. கீழ்வீட்டார் வீட்டுச் செருப்போடு ஏறிவந்து பார்த்தார்கள். பறவை வளர்க்க அன்ராக், அதாவது விண்ணப்பம், போடவேண்டும் என்று வீட்டு நிர்வாகம் எழுதியது. நான் வளர்க்கவில்லை, அவை வருகின்றன என்று பதில் போட்டாள். அத்தோடு அந்த விஷயம் முடிந்தது.

முடியாதது கணவர் இராசலிங்கத்தின் விஷயம். அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்ட நாளிலிருந்து, தன் கையால் செடியிலிருந்து ஆய்ந்த பூவைப் பிள்ளையார் படத்துக்கு வைக்காமல் அவர் பச்சைத்தண்ணீரும் குடித்ததில்லை. கடைப் பூ அவருக்கு ஆகாது. மல்லிகை போய்விட்டதால், விடிந்ததும் பல்கனிப் பூக்களை ஒன்றுவிடாமல் ஆய்ந்தார். ஜூனில் ஒரு குளிர்ந்த காலை, குடிக்கத் தேனில்லாமல் ஒரு சிட்டு சாடி விளிம்பில் சுருண்டு விழுந்தது. வசுந்தரா அதை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கி, கரண்டி நுனியில் சீனித்தண்ணீர் கொடுத்துப் பிழைக்கவைத்தாள். அவளுக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல.

"இஞ்சேருங்கோ, இனி இதில ஒரு பூவும் ஆயாதேங்கோ. ஆய்ஞ்சா இதுகள் செத்துப்போகும்."

"அப்ப பிள்ளையாருக்கு முன்னால வெறுங்கையோடயே நிக்கிறது?"

மறுநாள் அவர் பூ ஆயவில்லை. விளக்கை ஏற்றிவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்; இத்தனை வருட வழக்கம் தன் கையாலேயே முறிந்ததென்று கண் கலங்கியது. தேவாரத்தின் முதல் வரி பாடியபோது, திறந்திருந்த கதவால் பிழைத்த சிட்டு உள்ளே வந்தது. சோபாவைத் தாண்டி, தொலைக்காட்சியைத் தாண்டி, படத்தில் பிள்ளையாரின் பாதத்தருகே வழக்கமாகப் பூ இருக்கும் இடத்தில், சிவந்த கழுத்தைக் காட்டியபடி அந்தரத்தில் நின்றது. பாட்டு முடிந்ததும் போய்விட்டது. வசுந்தரா தேத்தண்ணி கொண்டுவந்தாள். அவர் வாங்கிக் குடித்தார்.

அன்றிலிருந்து சிட்டு ஒருநாளும் தவறவில்லை. பனிக்காலத்தில் சாடிகளெல்லாம் வரவேற்பறைக்குள் ஏறின. சிட்டுகள் மட்டும் உள்ளே தங்க மறுத்து, எங்கோ போய்க் காலையில் திரும்பின. ஜனவரியிலும் இராசலிங்கம் ஹீட்டரை நிறுத்தி, பல்கனிக் கதவை அகலத் திறந்து, ஜாக்கெட்டும் கம்பளித் தொப்பியுமாய் நின்று பாடுகிறார். சிட்டு வரத் தாமதமானால் இன்னொரு தேவாரம் பாடுகிறார்.