விழுந்தால்தான் பாட்டு முடியும்

பூனை என்ற பட்டப்பெயரை அவனுக்குப் பள்ளிக்கூடம் சூட்டியது. முதல் பெஞ்சில் உட்கார்ந்து பதில் சொன்னாலும் ஆசிரியர் காதருகே கையைக் குவித்துக்கொண்டு அருகில் வரவேண்டிய குரல் அவனுடையது. வளர்ந்து, ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் வேலைக்கு அமர்ந்த பிறகும் நிலைமை மாறவில்லை. அடுத்த நோயாளியை அழைப்பான், யாரும் எழமாட்டார்கள். மறுபடி அழைப்பான், சம்பந்தமில்லாத இருவர் எழுந்து, "என்ன?" என்பார்கள். வீட்டில் அம்மா, காய்கறிக் கடைக்காரர், பேருந்து நடத்துநர் என்று உலகமே அவனிடம் கேட்டது அந்த ஒரு கேள்வியைத்தான். வாழ்க்கையில் தான் பேசிய எல்லாவற்றையும் அவன் இருமுறை பேசியிருந்தான்.

ஆகவே, அவன் போஸ்ட்-ஹார்ட்கோர் பாடகன் ஆனதில் வியப்புக்கு இடமில்லை. அந்த இசையில் பாடகன் முதலில், பக்கத்து அறையில் யாரோ தூங்குவதுபோல முணுமுணுப்பான். கிட்டார் தயங்கித் தயங்கி நடக்கும். பிறகு, எந்த முன்னறிவிப்பும் இன்றி, வீடு தீப்பற்றிக்கொண்டதுபோல எல்லோரும் ஒன்றாகக் கதறுவார்கள். முணுமுணுப்பு பூனைக்குக் கூடப்பிறந்தது. கதறல் முதன்முதலாக அவன் தொண்டையிலிருந்து வெளியேறியபோது, அறையில் இருந்தவர்களைவிட அதிகமாகத் திடுக்கிட்டவன் அவன்தான். அன்று அவனிடம் யாரும் "என்ன?" என்று கேட்கவில்லை. அதற்காகவே அவன் மறுநாளும் வந்தான்.

குழுவில் நான்கு பேர். கிட்டார் வாசித்தவனைத் தத்துவம் என்று அழைத்தார்கள்; ஒரு தந்தி அறுந்தாலும் அதன் பொருள் என்ன என்று விளக்கிவிட்டுத்தான் வேறு தந்தி மாட்டுவான். பேஸ் கிட்டார் மருந்துக்கடை அக்காவிடம் இருந்தது. அவர் குழுவில் மூத்தவர். மாத்திரை எடுத்துக் கொடுக்கும் அதே முகத்தோடு வாசிப்பார். டிரம்ஸ் அடித்தவன் தச்சன். பகலில் ஆணி, மாலையில் டிரம். இரண்டுக்கும் ஒரே கை, ஒரே கோபம். குழுவுக்குத் தத்துவம் இட்ட பெயர் 'கடைசி எச்சரிக்கை'. பூனையின் தாய்மாமன் அதைக் கேட்டதும், யாருக்கு என்று மட்டும் விசாரித்தார்.

பயிற்சிக்கு இடம் தந்தவர் அந்த மாமாதான். அவர் மெத்தைக் கடைக்காரர். கடையின் பின்னால் கிடங்கு. எதைக் கண்டாலும் உள்ளங்கையால் அழுத்திப் பார்ப்பது அவர் வழக்கம்: பேருந்து இருக்கை, ரொட்டி, மருமகனின் தோள், எல்லாமே அந்தச் சோதனைக்கு உட்பட்டவை. கிடங்குக்கு அவர் விதித்த நிபந்தனைகள் இரண்டு. கடை அடைத்த பிறகுதான் சத்தம். எந்த மெத்தையின் பிளாஸ்டிக் உறையும் கிழியக்கூடாது. உறையில்லாமல் அங்கே கிடந்தது ஒரே ஒரு மெத்தை. கட்டிலின் உள்ளளவை எடுப்பதற்குப் பதிலாக வெளியளவை எடுத்து மாமா தைத்துவிட்ட மெத்தை அது. எந்தக் கட்டிலிலும் அடங்காது. பிரித்துத் தைக்க அவருக்கு மனம் வரவில்லை. விற்க மானம் இடம் கொடுக்கவில்லை. அதைக் கடந்து போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

கூரைவரை அடுக்கிய மெத்தைகள் சத்தத்தை விழுங்கிவிடும். அண்டை வீட்டாருக்கு அது நல்ல செய்தி, குழுவுக்கு அல்ல. ஸ்பிரிங் மெத்தைகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த தச்சனுக்குக் கிட்டார் கேட்காது. தத்துவத்துக்கோ தன்னுடைய கிட்டாரைத் தவிர வேறெதுவும் கேட்காது. தொடங்குவதில் சிக்கல் இல்லை. யாராவது தொடங்கினால் மற்றவர்கள் துரத்திப் பிடித்துவிடுவார்கள். முடிப்பதில்தான் சண்டை. ஒருவர் நிறுத்திய பிறகு இன்னொருவர், அவருக்குப் பிறகு மற்றவர் என்று ஒவ்வொரு பாட்டும் ஒழுகி ஒழுகித்தான் நிற்கும்.

ஒருநாள், கடைசிக் கதறலில் மூச்சு முழுவதையும் செலவழித்துவிட்ட பூனைக்குத் தலை சுற்றியது. அப்படியே மல்லாந்து, பின்னால் கிடந்த அந்த அளவு தப்பிய மெத்தையில் விழுந்தான். தொப்பென்று ஒரு சத்தம். பதறிப்போய் மூவரும் ஒரே கணத்தில் வாசிப்பை நிறுத்தினார்கள். கிடங்கில் அப்படி ஓர் அமைதி அதுவரை நிலவியதில்லை.

பூனைக்கு அடிபட்டதா என்று அக்கா விசாரித்துக்கொண்டிருக்கையில், தத்துவம் கண்களை மூடி நின்றான். "இதுதான் முடிவு," என்றான். "பாட்டு முடியல, பாடுறவன் முடிஞ்சுட்டான். புரியுதா?"

யாருக்கும் புரியவில்லை, ஆனால் வசதியாக இருந்தது. அன்றுமுதல் அவர்களுடைய எல்லாப் பாட்டுகளும் பூனையின் வீழ்ச்சியில் முடிந்தன. தத்துவம் தலைமுடி முகத்தை மறைக்கக் குனிந்து வாசிப்பான். தொப்பென்ற அதிர்வு கால் வழியே ஏறியதும் நிறுத்துவான். தச்சனின் கண்பார்வையிலிருந்து பூனையின் தலை மறைந்ததும் அவன் கை நிற்கும். அக்கா தச்சனைப் பார்த்து நிறுத்துவார். நாளடைவில் அது வீழ்ச்சி என்பதே எல்லோருக்கும் மறந்துபோயிற்று. அது வெறும் முற்றுப்புள்ளி.

மாமா ஒரு மாலை கிடங்குக்கு வந்து, ஒரு ஸ்பிரிங் மெத்தையை அழுத்தியபடியே விஷயத்தைச் சொன்னார். "சரக்கு வைக்க இடமில்ல மாப்ளே. ஒரு கச்சேரி பண்ணுங்க. கேட்டவங்கள்ல ஒருத்தராவது இன்னொரு தடவ வாங்கன்னு கூப்பிட்டா, இடம் உங்களுக்கு. இல்லன்னா மெத்தைக்கு."

நியாயமான பேச்சுதான். ஆனால் அன்றிரவு பூனைக்குச் சோறு இறங்கவில்லை. கிடங்கு போனால் குழு போகும். குழு போனால், சொன்னதைத் திரும்பச் சொல்லவேண்டாத ஒரே இடமும் போய்விடும். காரணம் கேட்ட அம்மாவிடம் அவன் இதைச் சொன்னான். அம்மா, "என்ன?" என்றாள்.

கச்சேரிக்குக் கிடைத்தது ஒரு பொதுக்கூடம். காலையில் முதியோருக்கு உடற்பயிற்சி, மாலையில் சிறுவர்களுக்கு ஜூடோ, இடையில் யார் கேட்டாலும் தருவார்கள். சாவி ஜூடோ மாஸ்டரிடம் இருந்தது. மேடை, சுவர், தரை எல்லாம் மழமழப்பான சிமெண்டு. மாமா தம் சரக்கு வண்டியிலேயே டிரம்ஸையும் ஸ்பீக்கர்களையும் ஏற்றிவந்தார். ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளாமலிருக்க இடையில் அந்த அளவு தப்பிய மெத்தையை முட்டுக்கொடுத்திருந்தார். எல்லாவற்றையும் இறக்கிய பிறகு, இதையும் உள்ளே கொண்டுவரவேண்டுமா என்று கேட்டார்.

"மேடையில மெத்தையா?" என்றான் தத்துவம். "நாம என்ன தூங்கவா வந்திருக்கோம்?"

எல்லோரும் சிரித்தார்கள். பூனையும் சிரித்தான்.

கூட்டம் மோசமில்லை. தச்சனின் பட்டறை ஆட்கள், அக்காவின் வாடிக்கையாளர்களில் இருமல் குணமான சிலர், பல் மருத்துவர், ஜூடோ சிறுவர்களும் அவர்களைப் பெற்றவர்களும், கடைசி வரிசையில் மாமா. முதல் பாட்டு தொடங்கியது. பூனை முணுமுணுத்தான். சிமெண்டுச் சுவர்கள் அந்த முணுமுணுப்பை வாங்கி, கூடத்தின் ஒவ்வொரு மூலைக்கும் கொண்டுபோய்க் கொடுத்தன. கதவருகே நின்றவர்கள்கூட நிமிர்ந்தார்கள். அதைக் கவனிக்கும் நிலையில் அவன் இல்லை, கதறல் வந்துவிட்டது. ஸ்பீக்கர்கள் அதிர்ந்தன. குழந்தைகள் மகிழ்ச்சியோடு காதைப் பொத்திக்கொண்டார்கள். எல்லாம் நன்றாகவே போயிற்று. கடைசிக் கதறலின் உச்சியில் பூனை உடம்பைத் தளர்த்திப் பின்னால் சாயப்போனான். சாயும் முன், பழக்கமில்லாத ஏதோ ஓர் உணர்வில், திரும்பிப் பார்த்தான்.

பின்னால் சிமெண்டு இருந்தது.

அவன் நேராக நின்றான். பாட்டு நிற்கவில்லை. நிற்பதற்கு அதற்குக் காரணமும் இல்லை.

தச்சனை நோக்கிக் கையை ஆட்டினான். தச்சன் அதை உணர்ச்சிப் பெருக்கு என்று எடுத்துக்கொண்டு இன்னும் ஓங்கி அடித்தான். பூனை பாடுவதை நிறுத்திப் பார்த்தான். பாடகன் அடங்கிவிட்டதால் இது முணுமுணுப்புப் பகுதி என்று தத்துவம் புரிந்துகொண்டு, கிட்டாரைத் தணித்தான். தணித்ததை மறுபடி மெல்ல மெல்ல ஏற்றி, கதறலின் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். பூனை கதறியாக வேண்டியதாயிற்று. அடுத்த சுற்றில் அவன் மண்டியிட்டான். அக்கா அவனை ஒரு கணம் பார்த்துவிட்டு, குழுவின் கட்டுக்கோப்புக்காகத் தாமும் மண்டியிட்டார். அதற்கடுத்த சுற்றில், தலையைக் கைகளால் தாங்கிக்கொண்டு, பல் பிடுங்கிய நோயாளியைப் படுக்கவைப்பதுபோலத் தன்னைத்தானே மெதுவாகத் தரையில் கிடத்தினான். அவன் மறைந்ததும் தச்சன் நிறுத்தினான், அக்கா நிறுத்தினார். ஆனால் தொப்பென்ற அதிர்வு வராததால் தத்துவம் நிறுத்தவில்லை. கிட்டார் தொடர்வதைக் கேட்ட தச்சன், தான் அவசரப்பட்டுவிட்டோம் என்று வெட்கி, மீண்டும் சேர்ந்துகொண்டான்.

பூனை எழுந்து நின்றான். வேறு வழி தோன்றவில்லை. தொண்டை கிழிந்துகொண்டிருந்தது. பல் மருத்துவர் கடிகாரத்தைப் பார்ப்பதையும், பட்டறை ஆட்கள் ஒவ்வொருவராக வெளியேறுவதையும் பார்த்தான். இன்னொரு தடவை வாங்க என்று கூப்பிட இங்கே யாரும் மிஞ்சப்போவதில்லை. சிமெண்டில் விழுந்துவிடலாமா என்று அவன் உண்மையாகவே யோசித்தான். கடைசி வரிசையைப் பார்த்தான். மாமாவின் நாற்காலியும் காலியாக இருந்தது.

அப்போது கூடத்தின் கதவைத் திறந்துகொண்டு ஒரு மெத்தை நுழைந்தது. அதன் அடியில் இரண்டு கால்கள். எத்தனையோ மாலைகள் கணக்குப் பார்ப்பதான பாவனையில் கிடங்கு வாசலிலேயே நின்றவர் மாமா. இந்தப் பாட்டு எதற்காகக் காத்திருக்கிறது என்பது அந்தக் கூடத்தில் அவர் ஒருவருக்குத்தான் விளங்கியிருந்தது. நாற்காலிகளுக்கு நடுவே நேராக நடந்து வந்தார். மேடையில் ஏறி, பூனைக்குப் பின்னால் மெத்தையை விரித்து, மூலையை இழுத்துச் சரிசெய்து, நடுவில் உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். பிறகு மருமகனின் காதருகே குனிந்தார்.

"விழுடா," என்றார்.

பூனை தன்னிடம் மிச்சமிருந்த அனைத்தையும் கதறிவிட்டு விழுந்தான். தொப்பென்றது. பாட்டு முடிந்தது.

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. இதெல்லாம் திட்டமிட்டது என்றே எல்லோரும் நம்பினார்கள். இரண்டாம் பாட்டுக்கு நேரமில்லை என்று தெரிவிக்க மேடைக்கு வந்த ஜூடோ மாஸ்டர், அதைச் சொல்லாமல் குனிந்து மெத்தையை ஆராய்ந்தார். பழைய பாய்கள் நைந்துபோனதால் விழும் பாடத்தையே அவர் ஒத்திப்போட்டிருந்தார். பிள்ளைகளுக்கும் பின்னால் விழப் பயம். இதே அளவில், இதே கனத்தில், கூடம் முழுவதற்கும் மெத்தை வேண்டுமென்று மாமாவிடம் சொன்னார். இதே அளவா என்று மாமா இருமுறை கேட்டு உறுதிசெய்துகொண்டார். அந்த மெத்தையை அன்றுதான் அவர் நேருக்கு நேர் பார்த்தார்.

"இன்னொரு விஷயம்," என்றார் மாஸ்டர். "இந்தத் தம்பி சனிக்கிழமை வரணும். இப்படி பயமில்லாம விழுற ஆள நான் பாத்ததில்ல."

கூப்பிட்டாயிற்று. ஆனால் யாரை, எதற்கு என்பதில் கூடத்துப் படிக்கட்டிலேயே விவாதம் எழுந்தது. விழுவதற்குத்தானே அழைத்தார், இசைக்கு இல்லையே என்றான் தத்துவம்; அது கலைக்கு நேர்ந்த அவமானம் என்றும், இனிமேல் தான் தனியாகவே வாசிக்கப்போவதாகவும் அறிவித்தான். தனியாக வாசித்தால் எப்படி நிறுத்துவாய் என்று தச்சன் கேட்டது பகையை வளர்த்தது. மாமா, கூப்பிட்டால் கூப்பிட்டதுதான், சொன்ன சொல் மாறமாட்டேன் என்றார். பிறகு தலையைச் சொறிந்தார்.

"ஆனா மாப்ளே, இந்த ஆர்டர தச்சு எங்க அடுக்குறது?"

இப்படியாக, 'கடைசி எச்சரிக்கை' தன் ஒரே கச்சேரியின் வெற்றியாலேயே இருந்த இடத்தை இழந்தது. குழுவைக் கலைப்பது என்று ஒருமனதாக முடிவாயிற்று. அவர்கள் நால்வரும் ஒரே சமயத்தில் எதையாவது முடித்தது, விழுந்ததைக் கணக்கில் சேர்க்காவிட்டால், அதுவே முதல்முறை.

சனிக்கிழமை பூனை போனான். போகக்கூடாது என்றுதான் காலைவரை நினைத்திருந்தான். வெற்றுக் கூடத்தில், அந்த ஒரே மெத்தையைச் சுற்றிச் சிறுவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் திரும்பிப் பார்க்காதீர்கள், பார்த்தால் விழமுடியாது என்று அவன் தன் வழக்கமான குரலில் சொன்னான். சொல்லிவிட்டு, அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தான். யாரும் கேட்கவில்லை. சிமெண்டுச் சுவர்கள் அவன் குரலைக் கடைசிப் பிள்ளைவரை கொண்டுபோயிருந்தன. முகவாயைக் கீழே தாழ்த்துங்கள் என்றான். எல்லா முகவாய்களும் தாழ்ந்தன. அவனுக்குக் கண் கரித்தது. மூச்சு விட மறக்காதீர்கள் என்று அவசியமில்லாத ஒன்றையும், கேட்கிறதா என்று பார்ப்பதற்காகவே, சொன்னான்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் அவன் போனான். தைத்த மெத்தைகளை மாமாவும் தச்சனும் சிறிது சிறிதாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். அடிபட்ட முழங்கைகளுக்கு மருந்துக்கடை அக்கா களிம்பு கொண்டுவந்தார். தரை நிறைந்தது; பிறகு சுவரோரமும் மெத்தை நின்றது. வாரத்துக்கு வாரம் கூடம் மந்தமாகிக்கொண்டே வந்ததைப் பூனை கவனித்தான்; கவனிக்காததுபோல இருந்தான்.

கடைசி மெத்தையும் வந்த அன்று, பிள்ளைகள் வரிசையாக முதுகைக் காட்டி நின்றார்கள். இப்போது எல்லோரும் ஒன்றாக விழலாம் என்றான் பூனை.

பின்வரிசையிலிருந்து ஒரு சிறுமி திரும்பினாள். "என்ன?"

மாமா மெத்தையை அழுத்துவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். பூனை அவளைப் பார்த்தான். கோபம் வரும் என்று எதிர்பார்த்தான், வரவில்லை. கிடங்கில் செய்ததுபோல மூச்சை அடிவயிறுவரை இழுத்து, வீடு தீப்பற்றிக்கொண்டதுபோலக் கதறினான்.

"விழுங்க!"

பிள்ளைகள் அனைவரும் ஒரே கணத்தில் விழுந்தார்கள். தொப்பென்ற ஒற்றைச் சத்தம். பழக்கதோஷத்தில், மெத்தை உறையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்த தச்சனின் கையும் சட்டென்று நின்றது. அவ்வளவு துல்லியமான முடிவு அவர்களுடைய எந்தப் பாட்டுக்கும் வாய்த்ததில்லை.