சம்பந்திப் பூ

வீட்டில் அவளுக்குப் பட்டப்பெயர் பூக்காரி. ஒரு முழம் பூ விற்றவளில்லை. காய்ந்த பூக்களைக் காகிதத்தில் ஒட்டி அலமாரி அலமாரியாக அடுக்கி வைத்திருக்கும் தாவரக் காப்பகத்தில் ஆராய்ச்சியாளர்.

அங்கே ஒரு மலைப்பூ, நூறு வருஷமாக வேறொரு பேரினத்தின் அலமாரியில் ஒண்டுக்குடித்தனம் செய்துகொண்டிருந்தது. இலையைப் பார்த்து ஏமாந்த யாரோ அங்கே சேர்த்துவிட்டார்கள். பூக்காரி விதையைப் பார்த்தாள். மற்றவற்றுக்கெல்லாம் விதை மொழுமொழுவென்றிருக்க, இதற்கு மட்டும் இறக்கை. மரபணுவும் "நான் இந்த வீட்டுப் பிள்ளையே இல்லை" என்று சாட்சி சொன்னது. ஆக, இது தனிப் பேரினம். கட்டுரை தயார், பெயர் வைப்பதுதான் பாக்கி.

அதைக் கணவன் சாப்பாட்டு மேஜையில் உளறி வைத்தான்.

"என் பேரை வையேன்," என்றார் மாமியார், குழம்புக் கரண்டியை அந்தரத்தில் நிறுத்தி. "நான் பிள்ளையைப் பாத்துக்கிட்டதாலதானே நீ மலை மலையா ஏறினே?"

நியாயமான பேச்சு. பூக்காரி தலையாட்டிவிட்டாள். கை கழுவுவதற்குள் மாமியார் சம்பந்திக்குப் போன் போட்டுவிட்டார். அடுத்த நிமிஷம் பூக்காரியின் போன் அலறியது.

"பெத்தவ நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன்டி!" என்றாள் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்திகள் இருவரும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பூவைப் பார்க்க வந்தார்கள். காப்பகத்தின் பின்னால் கண்ணாடி அறையில், தொட்டியில், உள்ளங்கை அகலத்துக்குக் கருஞ்சிவப்பாக அது வாயைப் பிளந்துகொண்டிருந்தது. தண்டெல்லாம் முடி. சுற்றிலும் ஈ. கதவைத் திறந்ததும் செத்த எலி நாற்றம் குப்பென்று எழுந்தது.

"ஈ வந்தாத்தான் அதுக்கு மகரந்தம் பரவும்," என்று பூக்காரி இழுத்தாள்.

மாமியார் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அவர் குரலில் திடீரென்று தேன் வழிந்தது. "சம்பந்தியம்மா, ஆயிரம் இருந்தாலும் பெத்தவங்க நீங்க. உங்க பேரையே வைக்கச் சொல்லுங்க. நான் விட்டுக் குடுக்கறேன்."

அம்மாவுக்கு ஒரு வாரமாகச் சளி. மூக்கு இரண்டும் அடைத்துப் போயிருந்தது. அவள் குனிந்து பூவை முகத்தோடு முகம் வைத்துப் பார்த்தாள். "எவ்வளவு பெரிய மனசு உங்களுக்கு!" என்று சம்பந்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அம்மாவின் பெயருக்கு லத்தீன் வால் முளைத்தது. கட்டுரை வெளிவந்தது. நாளிதழில் பூவும் பெயரும் வண்ணத்தில் வந்தன. படத்துக்கு ஏது நாற்றம்? அம்மா அதைச் சட்டம் போட்டு, செருப்பு விடும் இடத்துக்கு நேர் எதிரே மாட்டினாள். வருகிறவர்கள் படிக்காமல் உள்ளே போக முடியாது.

மாமியார் வீட்டில் குழம்பில் உப்பு ஏறிக்கொண்டே போனது. ஒரு நாள் கேட்டே விட்டார்.

"மாத்த முடியாதா?"

"முடியாது அத்தை. ஒரு தடவை முறையா அச்சுல வந்துட்டா வந்ததுதான்."

"பூதானே நாறுது, பேரா நாறுது? எனக்கு அன்னிக்குப் புத்தி எங்க போச்சு!"

கடவுள் கண் திறந்தது போல, அந்த வருஷமே மலையின் மறுபக்கத்தில் அதே பேரினத்தில் புதிதாக ஒரு பூ அகப்பட்டது. பூக்காரி மாமியாரை உட்கார வைத்து விளக்கினாள். "ஒவ்வொரு பூவுக்கும் ரெண்டு சொல் அத்தை. முதல்ல பேரினம், அது குடும்பப் பேர் மாதிரி. அடுத்தது அதோட சொந்தப் பேர். அந்த ரெண்டாவதா உங்க பேரை வைக்கறேன்."

"அப்ப அவங்க முன்னாடி, நான் அவங்க வாலைப் பிடிச்சுக்கிட்டுப் பின்னாடியா?"

"ஆமா."

"பூவாவது பெருசா?"

"ரெண்டு மடங்கு. நாத்தமும் ரெண்டு மடங்கு."

"அது கெடக்கட்டும், வை."

இரண்டாவது கட்டுரை வந்த அன்று மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாக விரல் வைத்துத் தேடினார். திடீரென்று நிமிர்ந்தார்.

"மேல சம்பந்தியம்மா பேர் முழுசா இருக்கு. கீழெல்லாம் ஒரே ஒரு எழுத்து, ஒரு புள்ளி. என் பேர் மட்டும் எல்லா இடத்துலயும் முழுசா இருக்கே?"

"அதுதான் வழக்கம் அத்தை. பேரினத்தை ஒரு தடவை முழுசா எழுதிட்டா, அப்புறம் முதல் எழுத்து போதும்."

மாமியாரின் முகத்தில் விளக்கேற்றியது போலிருந்தது. போனை எடுத்தார்.

"சம்பந்தியம்மா, சும்மாதான் கூப்பிட்டேன். வேலையா இருக்கீங்களா? இல்லையா? அப்ப உக்காருங்க, ஒரு கட்டுரை வந்திருக்கு, முழுசாப் படிச்சுக் காட்டறேன்."