தலைகீழாக மாட்டிய பிளேடு

நூலகத்துப் புல்வெளியைப் பத்தொன்பது வருஷமாகத் தோட்டக்காரர்தான் பார்த்துக்கொள்கிறார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அது பாதிதான் உண்மை. புல் வெட்டுகிற மெஷினைத் தள்ளுவது அவர். அது தள்ளுகிற நிலைமையில் இருப்பதற்குக் காரணம் அவர் மனைவி. சாணை பிடிக்கிற கடைக்காரர் மகள் அவள். நூலகத்துக்குப் பின்னால் அவர்கள் குடியிருந்த இரண்டு அறை வீட்டில், சமையலறை அலமாரியில் பாதி தட்டுக்கும் டம்ளருக்கும், மீதி ஸ்பானருக்கும் அரத்துக்கும். பிளேடைக் கழற்றித் தீட்டுவது, அடியில் அப்பிக் காய்ந்த புல்லைச் சுரண்டுவது, ஏர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்வது எல்லாம் அவள் ராஜ்ஜியம். தோட்டக்காரர் கிட்டே போனால், "நீங்க போய் செடிக்குத் தண்ணி ஊத்துங்க" என்று விரட்டிவிடுவாள். விட்டால் போதும் என்று அவரும் ஓடிவிடுவார்.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் அவளுக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு மெல்லத் திரும்பியது, காலிலும் கொஞ்சம் பலம் வந்தது. மனசு மட்டும் திரும்பவில்லை. பயிற்சி கொடுக்க வரும் பிசியோ பெண் கெஞ்சிக் கூத்தாடிப் பார்த்துவிட்டாள். "நடந்து போய் நான் என்னத்தக் கிழிக்கப் போறேன்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். ஒரு நாள் அந்தப் பெண் தோட்டக்காரரைத் தனியாக அழைத்தாள்.

"கால்ல வலு இருக்குண்ணே. எழுந்திருக்கணும்னு அக்காவுக்குத்தான் தோணல. இன்னும் ரெண்டு மாசம் இப்படியே படுத்திருந்தா கால் இறுகிடும். அப்புறம் நான் வந்தும் புண்ணியமில்ல."

அன்றிலிருந்து அவர் பாதிச் சாப்பாட்டிலேயே எழுந்துவிடுவார்.

இதற்கிடையில் பிளேடு வேறு மழுங்கிப்போனது. அவளிடம் கேட்டால், தன்னால் முடியவில்லையே என்று நொந்துகொள்வாள். ஆகவே தானே கழற்றினார். அடியில் கை வைப்பதற்கு முன்னால், இன்ஜின் தப்பித்தவறிக் கிளம்பாமல் இருக்க, ஸ்பார்க் பிளக் வயரைப் பிடுங்க வேண்டும் என்பது மட்டும் மறக்கவில்லை. கல்யாணமான புதிதிலேயே அவள் அதற்குச் சத்தியம் வாங்கியிருந்தாள். அரைநாள் உட்கார்ந்து அரம் போட்டுத் தீட்டி, பெரிய சாதனை செய்தவர் போலப் பிளேடை மாட்டினார். தலைகீழாக மாட்டினார். மேலே பார்க்க வேண்டிய வளைந்த நுனிகள் தரையைப் பார்த்தன. தீட்டிய விளிம்பு வேலையில்லாமல் பின்னால் சுற்ற, மழுங்கிய முதுகு புல்லை அடித்துத் துவைத்தது. இரண்டே நாளில் நுனியெல்லாம் நைந்து பழுப்பேறியது.

"என்னப்பா, புல்லுக்குக் காய்ச்சலா?" என்று நூலகர் அம்மா கேட்டார்.

"வெயிலுங்க" என்று சமாளித்தார். அன்று வானம் மூடிக்கிடந்தது.

அடுத்த வாரம் வெட்டிவிட்டு உள்ளே வந்தபோது கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"பிளேடத் தலைகீழா மாட்டியிருக்கீங்க."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "படுத்துக்கிட்டே உனக்கு எப்படித் தெரியுது?"

"சத்தம் கேக்குதே. அது வெட்டல, அடிக்குது. ரெண்டு வாரமாப் புல்லப் போட்டு அடிச்சிக்கிட்டிருக்கீங்க. காது என்ன கடன் குடுத்துட்டீங்களா?"

மூன்று மாதத்தில் அவள் சேர்ந்தாற்போல இவ்வளவு பேசியது அன்றுதான். மூக்கு விடைத்து, கண் உருண்டு, பழைய கோபக்காரியாகவே இருந்தாள். அவருக்குச் சந்தோஷத்தில் என்ன செய்வதென்றே தெரியவில்லை. வாங்கிய திட்டை எல்லாம் வாங்கிக்கொண்டு வெளியே போய்ப் பிளேடைத் திருப்பி மாட்டினார். மாட்டும்போதே அவர் மூளை வேறு கணக்குப் போட்டது. காதில் விழுகிற தப்புக்கு வாய் திறக்கிறாள். கண்ணில் படுகிற தப்பு செய்தால்?

அடுத்த வாரம், ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி, அவள் கட்டிலோரத்து ஜன்னலுக்கு நேராக, ஏர் ஃபில்டர் கீழே வரும்படி மெஷினைச் சாய்த்துச் சுத்தம் செய்தார். இன்ஜின் ஆயில் ஏர் ஃபில்டருக்குள் வழிந்துவிட்டது; நிமிர்த்திக் கயிற்றை இழுத்ததும் மெஷின் வெள்ளைப் புகை கக்கியது. இருமிக்கொண்டே திரும்பிப் பார்த்தார். ஜன்னல் கம்பியை இடது கையால் பிடித்தபடி அவள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். யாரும் தூக்கிவிடவில்லை.

"ஃபில்டர் மேல பாத்து இருக்கணும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"சொல்லியிருக்கே, சொல்லியிருக்கே" என்று அசடு வழிந்தார்.

அதற்கடுத்த வாரம் ஒரு பக்கத்துச் சக்கரங்களை மட்டும் ஒரு படி இறக்கிவைத்து வெட்டினார். புல்வெளி ஏற்ற இறக்கமாகப் பல்லை இளித்தது. ஜன்னலிலிருந்து அந்தப் பக்கம் சரியாகத் தெரியாது. "ஏதோ மாதிரி இருக்கு, எனக்குச் சொல்லத் தெரியல" என்று தலையைச் சொறிந்தார். "எந்த மாதிரி?" என்று நாலு தடவை கேட்டுப் பொறுமையிழந்து, பிசியோ பெண் தோளையும் ஊன்றுகோலையும் பிடித்துக்கொண்டு வாசற்படி வரைக்கும் வந்துவிட்டாள்.

"கஷ்டகாலம்" என்றாள். "சண்டை போட்டுக்கிட்டே முடி வெட்டின தலை மாதிரி இருக்கு."

பிசியோ பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். தோட்டக்காரர் வேறு பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இனி புல்வெளிக்கு நடுவில் அவளைக் கொண்டுவர வேண்டும். அதற்குச் செய்ய வேண்டியதைச் செய்ய அவருக்கு மனசு வரவில்லை. புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் வெட்டக்கூடாது. வெட்டினால் வேர் வெந்துவிடும். இரண்டு நாள் தள்ளிப்போட்டார். மூன்றாம் நாள் பல்லைக் கடித்துக்கொண்டு, நட்டநடுவில் ஒரு பாய் அகலத்துக்கு மண் தெரிய வெட்டினார். கைக்குழந்தையைக் கிள்ளிவிட்ட மாதிரி இருந்தது. அந்த இடத்திலேயே மண்டியிட்டு அதற்குத் தண்ணீர் தெளித்தார்.

"நடுவுல வழுக்கை விழுந்திருக்கு" என்று அவளிடம் போய்ச் சொன்னார். குரல் அவருக்கே பிடிக்கவில்லை.

அவள் கையூன்றி எழுந்தாள். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டாள். பிசியோ பெண் பின்னால் கைகளை விரித்தபடி வர, ஒவ்வோர் அடியாக வைத்து, நடுவே இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கி, அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தாள். ஊன்றுகோலை அவரிடம் கொடுத்துவிட்டு, அவர் தோளில் சாய்ந்து குனிந்து, மொட்டையான மண்ணை இடது கையால் தடவினாள். திட்டுக்காக அவர் தலைகுனிந்து காத்திருந்தார்.

"மொதல் தடவை தெரியாமச் செஞ்சீங்க" என்றாள் மெதுவாக. "மத்ததெல்லாம் வேணும்னே செஞ்சது."

"அதெல்லாம் இல்ல..."

"ஒரு காக்கா வந்து இந்தப் புல்லக் கொத்தினாலே உங்க மூஞ்சி சுண்டிப் போகும். நீங்களே இப்படிச் செரைச்சு வெச்சிருக்கீங்கன்னா..." 

"எனக்கு வேற வழி தெரியலடி" என்றார். நடுவெளியில் நின்று, நூலகத்து ஜன்னல்களில் யார் பார்க்கிறார்கள் என்ற நினைப்பே இல்லாமல், விசும்பி அழுதார். பிசியோ பெண் எதையோ மறந்துவிட்டவள் போல வீட்டுப்பக்கம் போய்விட்டாள்.

அழுது முடிக்கும் வரை அவள் அவர் தோளை விடவில்லை. பிறகு கேட்டாள்.

"அடுத்த வாரம் எந்தப் பக்கத்தக் கெடுக்கறதா உத்தேசம்?"

அவர் மூக்கை உறிஞ்சியபடி, திருட்டுமுழி முழித்துக்கொண்டு, தெருப்பக்கத்து கேட்டைக் காட்டினார். அவள் அங்கேயே கொஞ்ச நேரம் பார்த்தாள். இன்னும் ஐம்பது அடியாவது இருக்கும்.

"அங்க புல்லு நல்லா வந்திருக்கு. அதுமேல கை வைக்காதீங்க" என்றாள். "நானே வரேன்."