கவுன்சிலர் கேட்ட அசல் படம்

1975 மார்ச் 11, செவ்வாய். இன்று வெளிவந்த என் படத்தில் கவுன்சிலரின் கோட்டுப் பொத்தான்கள் பெண்கள் கோட்டில் இருப்பதுபோல இடம் மாறிவிட்டன. அச்சான பிறகுதான் கவனித்தேன்.

பத்திரிகை அலுவலக மேசையில் இலோனா தன் நாட்குறிப்பில் இவ்வளவு எழுதியபோது தொலைபேசி அடித்தது.

அவள் வழக்கமாக வரைவது வானிலைப் படமும் வரைபடமும்தான். புலிட்சர் பரிசு வாங்கிய கார்ட்டூனிஸ்ட் வால்ட் டோம்பெக் பனியில் வழுக்கிக் கையை முறித்துக்கொண்டதால், தலையங்கப் பக்கம் இந்த வாரம் அவள் கைக்கு வந்திருந்தது. ஆற்றின் கிழக்குக் கரைக்கு ஓடிய இரவுப் பேருந்தைக் கவுன்சிலர் ஃபென்னர் நிறுத்திவிட்டார். காலிப் பேருந்தில் அவர் ராஜாபோல உட்கார்ந்திருக்க, வெளியே சனம் பனியில் நிற்பதாக வரைந்திருந்தாள். பேருந்து நின்ற நாளிலிருந்து மாலை ஓவிய வகுப்பில் அவள் பக்கத்து நாற்காலி காலி. கிழக்குக் கரையில் குடியிருந்து, மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் வெர்லீன் அதில் உட்கார்ந்து, கரி படிந்த விரலோடு ஓயாமல் முணுமுணுப்பாள். அந்த முணுமுணுப்பு இல்லாமல் இலோனாவுக்குக் கோடு ஓடவில்லை.

"நீதானாம்மா அந்தப் படம் போட்டது?" ஃபென்னரேதான். "என் பொண்டாட்டி சிரிச்ச சிரிப்புல காபியக் கொட்டிக்கிட்டா போ!"

"பஸ்ஸ மறுபடி விடுவீங்களா?"

"அத விடும்மா. கையெழுத்துப் போட்டு அசல அனுப்பு. டோம்பெக் போட்ட நாலு படம் என் ஆபீஸ் செவுத்துல தொங்குது. நடுவுல உனக்கு எடம்."

மாவுக்கட்டோடு வந்த டோம்பெக் விஷயம் கேட்டுத் துள்ளினார். "அசல் கேட்டுட்டானா? அடி சக்க! எனக்கு ரெண்டு வருசம் ஆச்சு, கழுத."

"திட்டுவாருன்னு நெனச்சேன் வால்ட். உங்க நாலு படத்தப் பாத்து அவர் எதையாவது மாத்துனாரா?"

டோம்பெக் பென்சிலை மாவுக்கட்டுக்குள் விட்டுச் சொறிந்தார். "கழுத்து டைய மாத்துனான்."

இலோனா படத்தை விளக்கடியில் வைத்துப் பார்த்தாள். ஃபென்னரின் தொப்பை, மோதிரம், சிரிப்பு எல்லாம் ஆசை ஆசையாக வரைந்தவை. பனியில் நின்றவர்களோ வெறும் புள்ளிகள். ஒருத்தருக்கும் முகமில்லை. வெர்லீன் இதைப் பார்த்திருந்தால், 'இதுல நான் எங்கடி?' என்று கேட்டிருப்பாள்.

படத்தை இழுப்பறைக்குள் தள்ளி மூடினாள்.

"அனுப்பலையா?" என்றார் டோம்பெக். "அது இங்க வழக்கம்டி. மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவான்."

"வச்சுக்கட்டும்."

அன்று மாலை வகுப்பிலும் அந்த நாற்காலி காலியாகவே இருந்தது. ஆசிரியர் வைத்த பூந்தொட்டியை அவள் வரையவில்லை. வெர்லீனின் முகத்தை நினைவிலிருந்து வரைந்து பார்த்தாள். கண் வந்தது, வாய் வரவில்லை. வீடு திரும்பியதும் காலையில் எழுதியதன் கீழே எழுதினாள்:

நாளை வேலை முடிந்ததும் கிழக்குக் கரைக்கு நடந்தே போக வேண்டும். வெர்லீனை நேரில் உட்காரவைத்து வரைய வேண்டும். வெள்ளிக்கிழமைப் படத்துக்கு.