ஓட்டுநரின் இடது பட்டன்

1

செவ்வாய்க்கிழமை மாலை நாலே கால் மணிக்கு இந்தக் கதை என்னிடம் வந்தது. மின்சாதனக் கடையில் சார்ஜர் வாங்க வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெண், பேருந்து ஓட்டுநரின் சீருடையில். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு புது கேம் கன்சோல் இருந்தது. கையில் வைத்து ஆடுகிற வகை. அதைச் சுட்டிக் கேட்டார்:

"இத வாங்கினா நான் ஜெயிப்பேனா?"

"ஸ்கிரீன் பெருசு மேடம். பேட்டரி ரொம்ப நேரம் நிக்கும். ஸ்பீடும் ஜாஸ்தி."

"அதெல்லாம் அட்டையிலேயே போட்டிருக்கு. நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

விற்பனையாளர் சிரித்தார். ஓட்டுநர் சிரிக்கவில்லை. வாங்காமல் போய்விட்டார்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இனி வருவதெல்லாம் நான் கட்டியது.

2

எழுதி அடித்த தொடக்கங்கள்:

"ஓட்டுநருக்குத் தோற்பது பிடிக்காது." யாருக்குத்தான் பிடிக்கும்?

"கருவிகளுக்கும் மனிதருக்கும் இடையே காலந்தோறும் நிலவிவரும்" — இந்த வாக்கியம் எங்கே போகிறது என்று தெரியவில்லை. பாதியில் இறங்கிவிட்டேன்.

"ஜெயிப்பது சரி, யாரை?" இது தேவலை. எதிராளி வேண்டும். முதலில் மாமியாரை உட்காரவைத்தேன். (ஆடுவாரா என்று கேட்காதீர்கள். நன்றாகவே ஆடினார். மருமகளிடம் ஒருமுறை தோற்றதும் எழுந்து போய்விட்டார். கதையும் அவர் பின்னாலேயே போய்விட்டது.) அடுத்து நாத்தனாரை வைத்தேன். கணவரின் தங்கை, பல் மருத்துவர். கதை நிமிர்ந்து உட்கார்ந்தது.

3

ஞாயிறுதோறும் நாத்தனார் வருவாள். இருவரும் சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து, இரண்டு கன்சோல்களையும் இணைத்து, கார்ப் பந்தயம் ஆடுவார்கள். நாத்தனாருடையது புதியது. ஓட்டுநருடையது பழையது. அதன் இடது பட்டன் அமுக்கியதும் கேட்காது. சற்று யோசித்துத்தான் கேட்கும். முன்கூட்டியே அமுக்கி ஓட்டுநர் சமாளிப்பார். சமாளிக்க முடியாத வளைவில் கார் சுவரில் போய் நிற்கும்.*

* பட்டனை மட்டும் மாற்றலாமே என்பீர்கள். அந்த மாடலுக்கு உதிரிப்பாகம் வருவதில்லை. விசாரித்துவிட்டேன்.

"மறுபடியும் சுவரா? அண்ணி, உங்கள நம்பியா பஸ்ஸக் குடுத்திருக்காங்க?"

"பட்டன் கேக்கலடி."

"ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்."

"வாய மூடு."

"பல்லக் கடிக்காதீங்க அண்ணி. தேஞ்சுபோனா எங்கிட்டதான் வரணும்."

செய்தித்தாளை விரித்து நகம் வெட்டிக்கொண்டிருந்த கணவர் எழுந்தார்.

"ஒண்ணு தங்கச்சி, ஒண்ணு பொண்டாட்டி. நான் போய் டீ போடறேன்."

4

இங்கே ஒரு சந்தேகம் வந்தது. வாங்கிவிட வேண்டியதுதானே? எதற்காகக் கடைவரை போய் வெறுங்கையோடு திரும்ப வேண்டும்?

எனக்குக் கிடைத்த பதில் இது. பழையது கையில் இருக்கும்வரை தோற்பது பட்டன். புதியது வந்துவிட்டால் தோற்பது அவர். பெரிய திரை வரும், வேகம் வரும். சாக்குப் போய்விடும்.

லாரிகளுக்கு நடுவே பேருந்தை நுழைப்பவர் நாத்தனாரின் சிரிப்புக்குப் பயப்படுவாரா? பாத்திரப் படைப்பில் ஓட்டை என்று தோன்றியது. இல்லை, பயப்படுவார். லாரிக்காரர் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவதில்லை.

5

அடுத்த ஞாயிறு ஓட்டுநரே வாய் திறந்தார்.

"இன்னிக்கு மாத்திக்கலாம். உன்னோடத நான் ஆடறேன். என்னோடத நீ ஆடு."

"எதுல ஆடினா என்ன அண்ணி? ஆடறது நானாச்சே."

மூன்று சுற்றுப் பந்தயம். முதல் இடது வளைவிலேயே நாத்தனார் வெளிச் சுவரில் மோதினாள். ஓட்டுநரும் மோதினார், உள் சுவரில். முன்கூட்டியே அமுக்கிப் பழகிய கட்டைவிரல். புது பட்டனோ சொன்னவுடன் கேட்டது. வளைவு வருமுன் கார் வளைந்துவிட்டது.

(இங்கே கதை என்னைத் தூண்டியது: "பழகிய பழையதே நல்லது" என்று முடித்துவிடு. அழகான முடிவு. பொய்.)

பணிமனையில் ஒருமுறை அவருக்குப் புதுப் பேருந்து கொடுத்தார்கள். பிரேக்கைத் தொட்டதும் நின்றிருந்தவர்களெல்லாம் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். அன்று பொழுது சாய்வதற்குள் கால் கற்றுக்கொண்டது. கால் கற்றதைக் கட்டைவிரல் கற்காதா?

இரண்டாம் சுற்றில் விரல் கொஞ்சம் பொறுத்தது. மூன்றாம் சுற்றில் வளைவு வந்தபின் அமுக்கினார். கார் சுவரை உரசாமல், அவர் நினைத்த கோட்டில் திரும்பியது. பக்கத்தில் நாத்தனார் பட்டனைக் குத்திக்கொண்டிருந்தாள்.

"கேக்கவே மாட்டேங்குது!"

"எது?"

"இந்தப் பட்டன்!"

சொன்னபிறகுதான் நாத்தனாருக்கு உறைத்தது. அதற்குள் ஓட்டுநர் எல்லைக்கோட்டைத் தாண்டி, கன்சோலைத் தலைக்குமேல் தூக்கி, சோபாமேல் ஏறி நின்றிருந்தார்.

"என்னங்க! ஓடி வாங்க! மேடை கோணல்தானாம்! உங்க தங்கச்சி வாயாலேயே சொல்லிட்டா!"

கணவர் டீயோடு வந்தார். "எனக்கு அப்பவே தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"நான் இந்த வீட்லதானே குடியிருக்கேன்."

6

இங்கே முடித்திருக்கலாம். ஓட்டுநர் கையில் இப்போது எதிராளியே ஒப்புக்கொண்ட சாக்கு. ஆயுளுக்கும் போதும். பழையதை வைத்துக்கொண்டு, தலைநிமிர்ந்து தோற்கலாம். அப்படியும் ஒரு முடிவு எழுதினேன். ஓட்டுநர் அதில் உட்கார மறுத்தார்.

மறுநாள் பணி முடிந்ததும் போய்ப் புதியதை வாங்கி வந்துவிட்டார். விற்பனையாளரிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மூன்றாம் சுற்றின் அந்த ஒரு திருப்பத்தை விரல் ருசி பார்த்துவிட்டது. பெரிய திரைக்காக வாங்கலாமா, எனக்குத் தெரியாது. நினைத்த இடத்தில் வளைகிற ஒரு வளைவுக்காக வாங்கலாம். வாங்கத்தான் வேண்டும்.

ஆக, இதோ ஞாயிறு. ஒரே மாதிரி இரண்டு கன்சோல்கள். ஒரே பாதை. சாக்கு யாரிடமும் இல்லை.

முடிவு அ: ஓட்டுநர் ஜெயிக்கிறார்.
முடிவு ஆ: தோற்கிறார், "இன்னொரு ஆட்டம்" என்கிறார்.
முடிவு இ: மாமியார் திரும்பி வந்து (வேண்டாம்.)

பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அவர் உட்கார்ந்திருக்கும் விதமே போதும். முதுகு நேராக, இரு கட்டைவிரல்களும் தயாராக, பேருந்தைக் கிளப்பப் போகிறவரைப் போல. நாத்தனார்தான் தொடக்கப் பட்டனை அமுக்க வேண்டும். அமுக்கவில்லை. உள்ளங்கையைத் துடைத்துக்கொள்கிறாள். ஜன்னல் பக்கம் பார்க்கிறாள். திரைச்சீலை முழுக்க இழுத்து மூடியிருக்கிறது.

"அண்ணி, இந்தப் பக்கம் வெளிச்சம் கண்ணுல அடிக்குது. இடம் மாத்திக்கலாமா?"