கரண்டி பிடித்த கை

"கரண்டிய கீழ வை."

வள்ளியம்மாள் வீட்டுக் குளியலறை வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். உள்ளே மருமகள் பூங்குழலி, புருஷனின் முழுக்கைச் சட்டையையும் ரப்பர் கையுறையையும் மாட்டிக்கொண்டு சிமெண்ட் கலவையில் கொத்தனார் கரண்டியை வைக்கப் போனவள், அப்படியே நிறுத்தினாள்.

"பொம்பள கரண்டி தொட்ட கட்டடம் வெளங்காது. நானும்தான் இத்தினி வருஷம் சித்தாள் வேலை செஞ்சேன். ஒரு நாளு தொட்டிருப்பனா?"

"கத்தாதம்மா," என்றான் மகன் நவநீதன். "கரண்டிய அவ புடிக்கல. நாந்தான் புடிக்கறேன். கை மட்டும்தான் அவளுது."

பெரிய சட்ட நுணுக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டவனாக அவன் அம்மாவைப் பார்த்தான். மகன் வெளிநாடு போக வேண்டும் என்ற ஆசை அவளுக்கும் இருந்ததால் அந்த நுணுக்கம் அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. வழிவிட்டாள்.

விஷயம் இதுதான். மஸ்கட்டில் ஒரு கட்டுமானக் கம்பெனிக்கு டைல்ஸ் கொத்தனார்களும் ஹெல்பர்களும் வேண்டுமாம். ஆம்பூரில் பிரியாணிக் கடை மாடியில் ஆபீஸ் வைத்திருக்கும் மஹபூப் பாஷா சொல்லி அனுப்பியிருந்தார். நேர்மையான மனிதர், வேலை தெரியாதவனை விமானம் ஏற்ற மாட்டார். அதனால் டெஸ்ட் உண்டு. ஒரு குளியலறைத் தரையின் கடைசி வரிசைகளை வீடியோ காலில் போட்டுக் காட்ட வேண்டும். பிறகு தண்ணீர் ஊற்றச் சொல்வார்கள். தண்ணீர் எங்கும் தேங்காமல் வடிகால் ஓட்டைக்குப் போய்ச் சேர்ந்தால் வேலை நிச்சயம்.

நவநீதன் கொத்தனார்தான். அவனுடைய சுவர்ப் பூச்சில் யாரும் குறை சொல்ல முடியாது. டைல்ஸ்தான் அவனுக்குப் பகை. அவன் போட்ட குளியலறைகளில் தண்ணீர் வெளியே போக மனமில்லாமல் மூலையில் உட்கார்ந்துகொள்ளும். மனைவி சித்தாளாக வந்த பிறகு நிலைமை மாறியது. அவன் டீக்கடைக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் தரை முன்னைவிட நேராக இருந்தது. அது புதுச் சிமெண்ட்டின் குணம் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தான்.

பூங்குழலி முன்பு ஷூ கம்பெனியில் மேல்தோல் தைத்தவள். தையல் ஒரு நூல் விலகினாலும் திருப்பி வீசுகிற இடத்தில் கண்ணைப் பழக்கியவள். ஆர்டர் கம்மியாகி ஆட்களை நிறுத்தியபோது, புருஷனோடு சுந்தரமூர்த்தி மேஸ்திரியிடம் வேலைக்குப் போனாள். பெண் என்றால் சித்தாள். எத்தனை வருஷம் செய்தாலும் சித்தாள். கூலி ஆணுக்குக் கிடைப்பதில் பாதி. முதல் நாளே நவநீதன் தொழில் தர்மத்தை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தான்.

"கொத்தனார் கேக்கறதுக்கு முன்னயே கலவை வந்து நிக்கணும். திட்னா திருப்பிப் பேசாத. டீ வந்தா கடைசியா குடி."

தனக்குப் பதில் அவளே டெஸ்டில் டைல் போடும் யோசனையை நேற்று அவன் சொன்னபோது, அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"நான் போட்டுத் தர்றேங்க. ஆனா நீங்க போறதுக்கு முன்ன மேஸ்திரிகிட்ட சொல்லிடணும், டைல்ஸ் வேல எனக்குத் தெரியும்னு. கொத்தனார் கூலிக்குக் கூப்பிடச் சொல்லணும்."

"அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்."

அவனுடைய 'அப்பறம்' எப்போது வரும் என்று கல்யாணமானதிலிருந்து அவளும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். இப்போது அவள் செய்யும் வேலையை அவன் தன் பேரில் காட்டிக்கொண்டு போய்விட்டால், அது அவள் செய்தது என்று சொல்ல ஊரில் ஒரு ஆளும் இருக்காது. இது அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. மனசு கசந்தது. ஆனாலும் இன்று காலை வள்ளியம்மாள் ரேஷன் கடைக்குப் போயிருந்த சமயத்தில் முக்கால் தரையைப் போட்டு முடித்துவிட்டாள்.

இப்போது வளையலைக் கழற்றிவிட்டு, தாலியைச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டாள். போனைப் பிடிக்கும் பொறுப்பு வள்ளியம்மாளுக்கு. முதலில் மகனின் முகம், அப்புறம் கை மட்டும், முடிந்ததும் மறுபடி மகனின் முகம். நவநீதன் உழைத்த களைப்புத் தெரிவதற்காகக் கன்னத்தில் கொஞ்சம் சிமெண்ட்டைப் பூசிக்கொண்டான்.

போன் அடித்தது. திரையின் ஒரு மூலையில் பாஷா, இன்னொரு மூலையில் கண்ணாடி போட்ட மஸ்கட் சூப்பர்வைசர். அவர் இந்தியில் பேசினார். பாஷா தமிழில் சொன்னார்.

"நவநீதா, ஆரம்பிக்கச் சொல்றாரு. பேஜார் படாம பொறுமையா போடு."

போன் தாழ்ந்தது. பூங்குழலி நூல் பிடித்தாள். கலவையைப் பரப்பி, டைலை வைத்து, ரப்பர் சுத்தியலால் தட்டினாள். ரசமட்டத்தை வைத்துப் பார்த்து, ஓட்டைப் பக்கம் இன்னும் கொஞ்சம் தாழ்த்தினாள். நவநீதன் பக்கத்திலிருந்து கலவையை வாரி வாரிக் கொடுத்தான். ஒரு தடவை தாமதமானதும் அவள் கையை நீட்டியபடி காத்திருந்தாள். அவன் அவசரமாக நகர்ந்தான். அந்தச் சின்ன அவசரத்தைப் பார்த்து வள்ளியம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. போன் கொஞ்சம் ஆடியது.

கடைசி டைல் உட்கார்ந்தது.

"தண்ணி ஊத்தச் சொல்றாரு," என்றார் பாஷா.

நவநீதன் குடத்தைச் சாய்த்தான். தண்ணீர் தரை முழுக்கப் பரவி, நாலு பக்கமிருந்தும் திரும்பி, ஓட்டையைத் தேடிப் போனது. மூலையில் ஒரு சொட்டு நிற்கவில்லை. வள்ளியம்மாள் கண் கொட்டாமல் பார்த்தாள். வாழ்நாளெல்லாம் கட்டடங்களில் கழித்தவளுக்கு இது எப்பேர்ப்பட்ட வேலை என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"ஜபர்தஸ்த்ங்கறாரு, பிரமாதமாம். இவ்ளோ சுத்தமா போட்டவரு மூஞ்சியக் காட்டச் சொல்றாரு."

நவநீதன் கன்னத்துச் சிமெண்ட்டோடு சிரித்துத் தயாரானான். வள்ளியம்மாள் போனை நிமிர்த்தினாள். மகன் பக்கம் பாதி தூரம் போன போன், திரும்பி வந்து, மருமகள் முகத்துக்கு நேரே நின்றது.

பூங்குழலிக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"யாரும்மா அது?" என்றார் பாஷா.

"எம் மருமவ. இவதான் போட்டா, பாய்."

சூப்பர்வைசர் முதலில் விழித்தார், பிறகு சிரித்தார், பிறகு நீளமாக ஏதோ சொன்னார். பாஷா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வேலை அருமையாம். ஆனா அவங்க கேம்ப்ல லேடீஸுக்கு எடமில்லையாம். அங்கயும் இந்த வேலைக்கு ஆம்பளதானாம். ஆனா பக்கத்துல கலவை வாரிக் குடுத்தாரே, அவரு நல்லா சுறுசுறுப்பா இருக்காராம். ஹெல்பருக்கு எடுத்துக்கறாங்களாம்." பிறகு தன் பங்குக்குச் சொன்னார். "நவநீதா, என்கிட்டயே இப்படிப் பண்ணிட்டியேப்பா."

போன் அணைந்ததும் நவநீதன் அம்மாவிடம் பாய்ந்தான். "இன்னாம்மா பண்ணி வெச்ச?"

"கை வலிச்சுது. போனு தானா திரும்பிக்கிச்சு," என்றாள் வள்ளியம்மாள். அவன் முறைத்தபடியே நிற்கவும் குரல் இறங்கியது. "நா கலவ தூக்கின வூடுங்க ஆம்பூரு முழுக்க நிக்குதுடா. ஒண்ணுத்தக் காட்டியும் இது என் வேலைன்னு சொல்லிக்க முடியல. இவ போட்டத இவ போட்டான்னு ஒரு ஆளுக்காவது சொல்லலாம்னு தோணிச்சு."

பூங்குழலி அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். கையுறையைக் கழற்ற மறந்து போனாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

நவநீதன் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு ஹெல்பர் வேலைக்கே சம்மதித்தான். தெருமுனையில் தோஸ்துகள் ஃப்ளெக்ஸ் பேனர் கட்டினார்கள். 'மஸ்கட் செல்லும் மாபெரும் கொத்தனார்' என்று அதில் இருந்தது. அவன் திருத்தச் சொல்லவில்லை.

நவநீதன் விமானம் ஏறிய பின் டைல்ஸுக்கு ஆளில்லாமல் தவித்த சுந்தரமூர்த்தி மேஸ்திரியிடம் பூங்குழலி தானே போய்ப் பேசினாள். "கொத்தனார் கூலின்னா கரண்டி எடுக்கறேன். இல்லன்னா கலவை மட்டும்தான்." மேஸ்திரி சிரித்துவிட்டுத் திருப்பத்தூரிலிருந்து ஒரு ஆளைக் கூட்டி வந்தார். அந்த ஆள் போட்ட குளியலறையில் தேங்கிய தண்ணீரில் வீட்டுக்காரர் வழுக்கி விழப் பார்த்தார். மேஸ்திரி மறுபடி வந்தபோது சிரிப்பு இல்லை.

"சரி, குடுக்கறேன். ஆனா யார்கிட்டயும் சொல்லாதம்மா. மத்த பொம்பளைங்களும் கேக்க ஆரம்பிச்சிடுவாங்க."

டீ வருவதற்குள் அவள் எல்லாரிடமும் சொல்லிவிட்டாள்.

ஒரு நாள் வேலை நடுவே மஸ்கட்டிலிருந்து போன் வந்தது. நவநீதன் எடுத்த எடுப்பிலேயே புலம்பினான்.

"ஒரு பீகார்க்காரன் கொத்தனாரு. வாயத் தொறந்தா திட்டுதான். எவ்ளோ வேகமா குடுத்தாலும் பத்தலங்கறான்."

பூங்குழலிக்குப் பாவமாக இருந்தது. உண்மையாகவே பாவமாக இருந்தது. அனுபவப்பட்டவள் என்ற முறையில் தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள்.

"அவரு கேக்கறதுக்கு முன்னயே கலவை போய் நிக்கணுங்க. திட்னா திருப்பிப் பேசாதீங்க. டீ வந்தா கடைசியா குடிங்க."

"பூங்குழலி," என்றான் நவநீதன். "நீ இத்தினி நாளா இப்டிதான் இருந்தியா?"

"ஆமாங்க," என்றாள்.

டீ வந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். போனை வைத்துவிட்டுப் போனாள். கொத்தனார்களுக்கு என்று நீட்டிய முதல் டம்ளரை வாங்கி, காலையிலிருந்து தனக்குக் கலவை தூக்கிய பட்டம்மாளின் கையில் கொடுத்தாள். பட்டம்மாள் மேஸ்திரி இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு குடித்தாள்.